வேலையில மனசு நிறையுறது எதனால? வடசென்னைக்காரங்க சொல்லுங்க

பழைய வண்ணாரப்பேட்டை
எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை ஒண்ணுல சேலை செக்‌ஷன்ல இருக்கேன். முன்னாடி இருந்த கடையில சம்பளம் இதைவிட ஜாஸ்தி. ஆனா கடை திறந்ததுல இருந்து ஷட்டர் இறக்குற வரைக்கும் உட்காரவே கூடாது. ஆள் வராத நேரத்துல ரேக்குல சாய்ஞ்சாக்கூட சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கத்துவார். ஆடித் தள்ளுபடி நேரத்துல கணுக்கால் வீங்கி செருப்பு ஏறாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டத்தையே திருத்தினாங்க. அந்தக் கடைக்கு மட்டும் ஸ்டூல் வந்து சேரல.

இப்ப இருக்கிற கடையில கவுன்டருக்குப் பின்னாடி ஸ்டூல் போட்டிருக்காங்க. ஆனா என்னைப் பிடிச்சு வெச்சிருக்கிறது வேற. கொள்முதலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி முதலாளி எங்ககிட்ட வந்து, "எதைக் கேட்டுட்டு இல்லாம திரும்பிப் போறாங்க?"ன்னு கேட்பார். மாம்பழ மஞ்சள்ல அரக்கு பார்டர் தேடுறாங்கன்னு சொன்னேன். வாங்கிட்டு வந்துட்டார்! அந்தக் கட்டைப் பிரிச்சு முதல் சேலையை நானே விரிச்சுக் காட்டினேன். அந்த அம்மா முந்தியைத் தொட்டுப் பார்த்துட்டு வேற எதையும் கேட்கல, நேரா பில்லுக்குப் போயிட்டாங்க. அன்னிக்கு எனக்குக் காலே வலிக்கல. சம்பளம் குறைஞ்சு மாறினதுக்கு வீட்டுல இன்னும் திட்டுறாங்க, இருந்தாலும் மாறினது சரிதான். உங்களுக்கு எப்படி?

பெரம்பூர்
ரயில் பெட்டி செய்யுற ஐசிஎஃப் ஃபேக்டரியில வெல்டரா இருந்து ரிட்டயர் ஆனவன்மா. என் பொண்ணு எம்பிஏ படிக்கிறப்ப ஹெர்ஸ்பெர்க்னு ஒரு மனோதத்துவ நிபுணர் 1959ல எழுதினதைச் சொல்லுவா. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் பக்கம் இன்ஜினியர், கணக்கர்னு இருநூறு பேர்கிட்ட கேட்டாராம். சம்பளம், வசதி, மேலதிகாரி நடத்துற விதம் இதெல்லாம் சரியில்லேன்னா வெறுப்பு வரும். ஆனா சரியா இருந்தா மட்டும் திருப்தி வந்துடாதாம். சாதிச்சோம்கிற நினைப்பு, செஞ்சதை நாலு பேர் மதிக்கிறது, பொறுப்பு, அந்த வேலையே பிடிச்சுப்போறது, இதுலதான் அது வரும்னார். உன் ஸ்டூல் முதல் வகை, மஞ்சள் சேலை ரெண்டாவது.

எங்களுக்கு ஷெல் பிரிவுல அப்படித்தான். தகடா உள்ள வந்தது ரயில் பெட்டியோட முழுக் கூடா வெளிய போகும். பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் போறப்ப இன்னிக்கும் என் கண்ணு வெல்டிங் போட்ட இடத்துலதான் போய் நிக்கும்.

ராயபுரம்
ஹார்பருக்கு கன்டெய்னர் ஓட்டுறேன். பெரியவர் மன்னிக்கணும், எனக்கு முதல்ல காசுதான். ட்ரிப்புக்குத்தான் படி, கேட்டுல லைன்ல கிடக்குற நேரத்துக்கு ஒண்ணும் கிடையாதுன்னு சொல்ற ஓனர்கிட்ட எந்த மதிப்பை எதிர்பார்க்கிறது? இப்ப இருக்கிறவர் காத்துக்கிடக்குற நாளுக்கும் படி தர்றார். அதுதான் மரியாதை. வேற வண்டிக்குக் கூப்பிட்டும் போகல.

பழைய வண்ணாரப்பேட்டை
நியாயம்ணா. 1918ல பின்னி மில் ஆளுங்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சப்ப மதியச் சாப்பாட்டு நேரம் போதலைங்கிறதும் ஒரு குறை. நம்ம பக்கத்துல அந்தப் பேச்சு அங்கிருந்தே வருது. கடையில நின்னுட்டே இருக்கிற தங்கச்சிங்களுக்கு ஒண்ணு: இருக்கை இல்லேன்னா தொழிலாளர் துறையில புகார் கொடுக்கலாம். தனியா போகாதீங்க, செக்‌ஷன்ல இருக்கிற நாலு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்க.