மறு: 'ஆர்கானிக் ஏரியா'வுக்குத் தமிழ்: 'சான்றுப் பரப்பு' போதுமா?

(கோவை உறுப்பினர்)

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உலகப் புள்ளிவிவர அட்டவணையில் வரும் 'ஆர்கானிக் ஏரியா' என்ற தலைப்புக்குத் தமிழ் கேட்டுத் தொடங்கிய இழை, 'ஆர்கானிக்' என்பதற்கு இயற்கையா அங்ககமா உயிர்மமா என்ற பழைய சண்டைக்குள் போய்விட்டது. அந்தச் சண்டை இந்த இழையில் தீராது. அந்தக் கட்டத்துக்குள் எதை எண்ணிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போமே.

> 'இயற்கை வேளாண் பரப்பு' என்றே போடலாம். நம்மாழ்வார் ஐயா காலத்திலிருந்து மக்கள் வாயில் புழங்கும் சொல்.

புழங்குகிறது, மறுக்கவில்லை. சிக்கலே அதுதான். 'இயற்கை வேளாண் பரப்பு' என்றால், யூரியா போடாமல் பஞ்சகவ்யமும் தொழுவுரமும் கொடுத்து விளைவிக்கும் எல்லா நிலமும் அதில் அடங்கும் என்றே தமிழ் வாசகர் நினைப்பார். அட்டவணை எண்ணுவது அதை அல்ல. போதாக்குறைக்கு, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய இயற்கை வேளாண்மை இயக்கம் வேறு இருக்கிறது. அது ஏற்றுமதிக்கான அங்ககச் சான்றளிப்பிலிருந்து தனியாக நடக்கும் திட்டம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் எந்த எண் எதனுடையது என்று நமக்கே தெரியாமல் போகும்.

இந்தக் கணக்கு வரும் வழியைச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் ஃப்ரிக் என்ற ஊரில் 'ஃபிபில்' என்றோர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதுவும் ஜெர்மனியின் பான் நகரிலிருந்து இயங்கும், அங்கக வேளாண் இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பான 'ஐஃபோம்' அமைப்பும் சேர்ந்து ஆண்டுதோறும் உலகத் தொகுப்பை வெளியிடுகின்றன. முதல் தொகுப்பு 2000-இல் வந்தது. வழக்கமாக பிப்ரவரியில், நியூரம்பெர்க்கில் நடக்கும் பயோஃபாக் கண்காட்சியில் அறிவிப்பார்கள். இதற்காக யாரும் வயலில் இறங்கிச் சங்கிலி பிடிப்பதில்லை. ஒவ்வொரு நாட்டின் அரசுத் துறை, சான்றளிப்பு நிறுவனங்கள், விவரம் தெரிந்த ஆட்கள் ஆகியோரிடம் கேட்டு வாங்கிக் கூட்டுகிறார்கள். 2023-ஆம் ஆண்டுக்கு 188 நாடுகளிலிருந்து வந்த கூட்டுத்தொகை 9.89 கோடி ஹெக்டேர். உலக வேளாண் நிலத்தில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல்.

ஏன் சான்றளிப்பவரிடம் போய்க் கேட்க வேண்டும்? நம் ஊர்ப் பயிர்ப் பதிவேடான அடங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்வே எண், பயிர், பரப்பு, பாசனம் எல்லாம் இருக்கும். என்ன உரம் போட்டார் என்று எழுதும் வழக்கம் இல்லை. பெரும்பாலான நாடுகளில் நிலைமை இதேதான். அந்தத் தகவல் எழுத்தில் கிடைக்கிற இடம் சான்றளிப்புக் கோப்பு ஒன்றே. சிட்டா நகல், பண்ணை வரைபடம், மண், நீர்ப் பரிசோதனை அறிக்கை, ஆண்டுப் பயிர்த் திட்டம் என்று அடுக்கி, கட்டணமும் கட்டி ஒருவர் பதிந்தால்தான் அவருடைய இரண்டு ஏக்கர் ஃப்ரிக் வரை போய்ச் சேரும். பக்கத்து வயல்காரர் பரம்பரையாகவே ரசாயனம் தொடாதவராக இருக்கலாம். ஆனால் பதியவில்லை, அதனால் கணக்கில் இல்லை.

நிக்கோபாரைப் பாருங்கள். கார் நிக்கோபார், நன்கௌரி தீவுகளில் 14,491 ஹெக்டேருக்கு மத்திய வேளாண் அமைச்சகம் 2021-இல் பெரும்பரப்புச் சான்று, அதாவது பகுதி முழுவதற்கும் மொத்தமாக ஒரு சான்று, கொடுத்தது. அங்கே ரசாயன உரம் ஏற்கெனவே புழக்கத்தில் இல்லை. சான்றுக்கு முன் வழக்கமாக இரண்டு, மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அதையே தள்ளுபடி செய்துதான் சான்று கொடுத்தார்கள். தென்னையும் மண்ணும் முந்தின வருடம் இருந்தபடியேதான் இருந்தன. மாறியது காகிதம்.

அதனால் என் முன்மொழிவு: சான்றுப் பரப்பு. முழு வடிவம் 'அங்ககச் சான்றுப் பரப்பு'. அடைமொழியில் உயிர்மம், இயற்கை என்று யாருக்கு எது பிடிக்குமோ வைத்துக்கொள்ளட்டும். 'சான்று' மட்டும் விழக்கூடாது.

> பரப்பு என்றால் போதாது, 'சாகுபடிப் பரப்பு' என்று திட்டமாகச் சொல்லுங்கள்.

வேண்டாம். 9.89 கோடியில் 5.3 கோடி ஹெக்டேர் ஆஸ்திரேலியாவுடையது. அதில் ஏறக்குறைய எல்லாமே வறண்ட உள்நாட்டில் மாடு மேய்கிற பரந்த வெளி. உழவுமில்லை, விதைப்புமில்லை. 2022-இல் உலகக் கணக்கு ஒரே வருடத்தில் 2 கோடி ஹெக்டேருக்கு மேல் தாவியது. அதில் 1.73 கோடி அந்த ஒரு நாட்டு மேய்ச்சல் நிலம். 'சாகுபடி' என்று போட்டால், உலகமே திடீரென்று கத்தரிக்காயை அங்ககத்துக்கு மாற்றிவிட்டது போல நம் பத்திரிகைகள் தலைப்புப் போடும்.

கிளைச் சொற்களுக்கு வருகிறேன். 'இன்-கன்வெர்ஷன்', அதாவது அங்கக முறைக்கு மாறிக்கொண்டிருக்கும் நிலம். அதற்கு இழையில் வந்த 'மாற்றுப் பரப்பு' ஆகாது. மாற்று ஏற்பாடு, மாற்று வழி என்ற பொருளில்தான் காதில் விழும். 'நஞ்சு தெளி நிலம்' கேட்க அழகு, ஆனால் அங்கே நடப்பது அது மட்டும் இல்லை. ஓராண்டுப் பயிருக்கு இரண்டு வருடம், பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருடம் என்று விதி ஓடுகிறது. மண்ணில் மிச்சம் இருக்கிறதோ இல்லையோ, காலக்கெடு முடிய வேண்டும். ஆகவே 'மாறுகாலப் பரப்பு'. உலகத் தொகுப்பில் இதுவும் மொத்தத்துக்குள் அடங்கும் என்பதைப் பதிவில் குறித்துவிட வேண்டும்.

'வைல்ட் கலெக்ஷன்' என்பது காட்டில் தானாக விளைவதைப் பறித்தெடுக்கும் பரப்பு. அது மொத்தத்தில் சேராது, தனியாக வரும். ஃபின்லாந்தின் லாப்லாந்துக் காடுகளில் பழம் பறிக்கும் பரப்பு இதில்தான் இருக்கிறது. காட்டு மரத்துக்கும் தனியே சான்று உண்டு என்பதால் 'காட்டுச் சான்றுப் பரப்பு' என்றால் குழப்பம் வரும். 'காட்டுச் சேகரிப்புப் பரப்பு' என்று நீட்டிச் சொன்னால் போதும்.

---

(யாழ்ப்பாண உறுப்பினர்)

வணக்கம்.

எங்கள் பக்கத்துச் சொல்லையும் ஒருக்கால் கவனியுங்கோ. இலங்கையில் இது 'சேதனம்'. பாடசாலையில் சேதன இரசாயனம், கமநல சேவை நிலையத்தில் சேதனப் பசளை (பசளை என்றால் உங்கட உரம்). 'அங்ககம்' என்றால் இங்கே ஒரு கமக்காரருக்கும் விளங்காது. சேதம் மாதிரிக் கேட்குது என்று போன மடலில் ஒருவர் பகிடி விட்டிருந்தார். 2021-க்குப் பிறகு எங்களிலேயே பலர் அந்தப் பகிடியைச் சொல்லுகினம்.

ஆனால் 'சான்று' வேணும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதுக்கும் 2021-தான் காரணம். அந்த மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடை செய்தது. நவம்பரில் கைவிட்டது. இடையில் யூரியா இல்லாமல் விதைத்த வயல்கள் எவ்வளவோ. ஒருத்தரும் விரும்பிச் செய்யவில்லை, ஒருத்தரும் சான்று எடுக்கவும் இல்லை. 'இயற்கை வேளாண் பரப்பு' என்று தலைப்பிட்டால் அந்த வயல்களை உள்ளே போடுவதா வெளியே போடுவதா? 'சான்றுப் பரப்பு' என்றால் அந்தக் கேள்வியே எழாது.

ஒரு சந்தேகம். ஐரோப்பாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று என்று ஒரே தோட்டத்துக்கு இரண்டு சான்று எடுக்கிறார்கள். இரண்டு நிறுவனமும் தனித்தனியாக அறிக்கை கொடுத்தால் நிலம் இரட்டிக்காதா? அதையும் 'சான்றுப் பரப்பு' என்று சொல்லலாமோ?

---

(கோவை உறுப்பினர்)

ஐயா, நல்ல கேள்வி. தொகுப்பவர்களுக்கும் இது தலைவலிதான். நாட்டின் மைய அமைப்பு ஒன்றே எல்லாத் தரவையும் வாங்கினால் தோட்டம் தோட்டமாக ஒப்பிட்டுக் கழித்துவிடலாம். சான்று நிறுவனங்களின் கூட்டுத்தொகை மட்டும் வரும் இடத்தில் அந்த வசதி இல்லை. ஆனாலும் சொல் 'பரப்பு', சான்றுகளின் எண்ணிக்கை அல்ல. ஒரு நிலத்தின் மேல் எத்தனை சான்று இருந்தாலும் பரப்பு ஒன்றுதான். இரண்டு தடவை எண்ணினால் அது கணக்குப் பிழை.

சேதனத்தை விடச் சொல்லவில்லை. பதிவை இப்படிப் போடலாம்: 'அங்ககச் சான்றுப் பரப்பு, இலங்கை வழக்கு: சேதனச் சான்றுப் பரப்பு'. சுருக்கமாக எழுதும்போது இரு பக்கத்திலும் 'சான்றுப் பரப்பு'.

அட்டவணையில் அடுத்த கட்டம் 'புரொடியூசர்'. உற்பத்தியாளர் என்று கேட்டவுடன் போட்டுவிட ஆசைதான். இந்திய விதிப்படி 25 முதல் 500 விவசாயிகள் சேர்ந்து குழுவாக ஒரே சான்று எடுக்கலாம். சில நாடுகள் அப்படிப்பட்ட குழுவை ஒன்று என்று எண்ணி அனுப்புகின்றன, சில நாடுகள் ஒவ்வோர் ஆளையும் எண்ணுகின்றன. எண்ணிக்கையில் இந்தியா முதலிடத்தில் நிற்பதைப் படிக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும். 'சான்று விவசாயி' என்றால் ஆளையும் 'சான்றுக் குழு' என்றால் கூட்டத்தையும் பிரித்துக்காட்டலாம் என்று தோன்றுகிறது. தேனீ வளர்ப்பவரை விவசாயி என்று சொல்லலாமா என்று மதுரையிலிருந்து ஒருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார். அவரே குழுமத்தில் எழுதட்டும்.

'சான்றுப் பரப்பு', 'மாறுகாலப் பரப்பு', 'காட்டுச் சேகரிப்புப் பரப்பு' மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.