கல்யாணக் கேக்கில் சர்க்கரைப் பூ எப்படி அடுக்குவது?

கேள்வி: தங்கச்சி கல்யாணத்துக்கு நாகர்கோவிலில் வீட்டிலேயே மூன்றடுக்குக் கேக் செய்கிறேன். பூச்சு பட்டர்கிரீம். கம் பேஸ்டில் (காய்ந்தால் கெட்டியாகும் சர்க்கரை மாவு) ரோஜாவும் மல்லிகை மொட்டும் கம்பியில் கட்டிக் காயவைத்திருக்கிறேன். எப்போது, எப்படி வைக்கலாம் அக்கா?

பதில்: கம்பியை நேராகக் கேக்கில் குத்தாதேம்மா. ஸ்ட்ராவை வெட்டிச் செருகி, உள்ளே கொஞ்சம் ஃபாண்டன்ட் (மெத்தென்ற சர்க்கரை மாவு) அடைத்து, அதில் நிறுத்து. பெரிய ரோஜா முதலில், இடுக்குகளில் மொட்டும் இலையும். சுற்றிலும் வரிசை கட்டாதே. ஒரு பக்கமாக மேலிருந்து கீழே இறங்கி வந்தால்தான் அழகு.

பதில்: பூவை ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துத் துவண்டுவிடும். பட்டர்கிரீமில் பட்டாலும் இதழ் இளகும். அதனால் மண்டபத்தில் கேக்கை வைத்த பிறகு செருகுங்கள்.

கேட்டவர்: சரி அக்கா. மொட்டுகளை மேலடுக்கில் வைக்கிறேன், அவளுக்கு மல்லிகை என்றால் உயிர்.

பதில்: அப்புறம், எத்தனை கம்பி என்று எழுதி வை. வெட்டுமுன் எண்ணி எடு, பிள்ளைகள் சாப்பிடுவார்கள்.