மார்பு ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் (கேன்சருக்கு எடுத்த மார்பைத் திரும்ப உருவாக்குற ஆப்பரேஷன்) முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் மறுபடி அட்மிட் ஆனவங்க அனுபவம் சொல்லுங்க

பேட்டைக்காரி:
கட்டி, கீமோ எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். மார்பை எடுத்த அன்னைக்கே எக்ஸ்பேண்டரும் வச்சாவ, தோலை மெல்ல விரிக்க உள்ள வைக்குத பை, மதுரைல. நீர் வடிய வச்ச ட்ரெய்ன் குழாய் எல்லாம் எடுத்து வீட்டுக்கு வந்து நல்லாத்தான் இருந்தேன். ஒருநாள் மத்தியானம் குளிரெடுத்து உடம்பு ஆடுது, நைட்டிக்குள்ள பாத்தா அந்தப் பக்கம் பூரா செவப்பு, தொட்டா கொதிக்கு. சித்தி என்னன்னா "புண்ணு ஆறும்போது செவக்கத்தான் செய்யும்ட்டி, மஞ்சளை அரைச்சுப் போடு"ங்காவ. எங்க வீட்டுக்காரவ அதெல்லாம் காதுல வாங்காம ஆட்டோவக் கூப்பிட்டுட்டாவ. மதுரை வரைக்கும் தாங்காதுன்னு இங்கனயே ஒரு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போனோம்.

அங்க டியூட்டி டாக்டர் ஒரு பால்பாயின்ட் பேனாவ எடுத்து செவப்பு எதுவரைக்கும் இருக்கோ அதைச் சுத்தி என் நெஞ்சுல கோடு போட்டாரு, இதைத் தாண்டிப் பரவுதான்னு பாக்கணும்னாரு. அது சரியான காரியந்தான், ராத்திரி நர்ஸ் வந்து பாக்கும்போது அக்குள் பக்கம் கோட்டைத் தாண்டிருச்சு, அதனாலதான் உடனே ஆம்புலன்ஸ்ல மதுரைக்கு ஏத்துனாவ, அங்க எக்ஸ்பேண்டரை வெளிய எடுத்தாச்சு. ஆனா கோடு போடும்போதே அவரு கேட்டாரு, "உயிர் பொழைச்சதே பெருசும்மா, இந்த வயசுல அழகுக்கு இதெல்லாம் அவசியமா?"ன்னு. எனக்கு 43. பேனா நெஞ்சு மேல ஓடுது, நான் ஃபேனையே பாத்துட்டுக் கெடந்தேன். காய்ச்சல் போயிருச்சு, அந்தக் கேள்வி போவ மாட்டேங்கு. உங்க யாருக்கிட்டயாவது இப்படிக் கேட்டிருக்காவளா?

மேலப்பாளையம் தங்கச்சி:
எங்க லாத்தாவுக்கு (அக்காவுக்கு) எல்டி ஃப்ளாப், முதுகுச் சதையைத் திருப்பி முன்னால கொண்டுவந்து வச்சது. முன்பக்கம் ஒரு குறையும் இல்ல, எடுத்த எடந்தான் பாடாப் படுத்திருச்சு. ஒருநாள் பாய்லேர்ந்து எந்திரிக்கப்ப "முதுகுல என்னமோ தளும்புதுடீ"ன்னா, கைய வச்சுப் பாத்தேன், நெசமாவே தோலுக்கடில தண்ணி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது. சீரோமான்னாங்க, முதுகுச் சதை எடுத்தவங்களுக்கு இது சகஜமாம். ஓபில ஊசி போட்டு உறிஞ்சுனாங்க, மஞ்சளா நீரு, வீட்டுக்கு வந்தா மறுபடி ரொம்பிரும். அப்புறம் கலங்கலா வந்து காய்ச்சலும் அடிக்கவும் அட்மிட் பண்ணி திரும்ப ட்ரெய்ன் வச்சாங்க.

அவ சின்ன வயசுலேர்ந்து பீடி சுத்துறவ. காய்ச்சல் ஏறுன அன்னைக்கு ராத்திரி நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், அவ கண்ணு மூடியிருக்கு, பெருவெரலும் ஆட்காட்டி வெரலும் மட்டும் போர்வை மேல சுத்திக்கிட்டே இருக்கு, இலை இல்லாம தூள் இல்லாம. எனக்கு அதுதான் மறக்க முடியல. பேட்டை அக்கா, லாத்தாட்ட எவனும் அப்படிக் கேக்கல, கேட்டிருந்தா நல்லா வாங்கிக் கட்டிட்டுப் போயிருப்பான்.

பாளை அண்ணாச்சி:
எங்க வீட்லயும் உண்டு. திருவனந்தபுரத்துல ஆப்பரேஷன், வீட்டுக்கு வந்த பொறவு 101 காய்ச்சல், திரும்பக் கூட்டிட்டுப் போயி ஊசி மருந்துலயே சரியாச்சு. அது கெடக்கட்டும், இங்க எல்லாரும் கவனிக்கணும். ஒரு நோட்டுப் போட்டு ட்ரெய்ன் அளவை தெனமும் ஒரே நேரத்துக்கு எழுதணும். பொதுவா 24 மணி நேரத்துக்கு 30 மில்லிக்குக் கீழ வந்தாத்தான் எடுப்பாவ. கொறஞ்சுட்டு வந்தது திடீர்னு கூடுனாலோ, ஒரேயடியா நின்னு அந்த எடம் வீங்குனாலோ, நாத்தம் அடிச்சாலோ அன்னைக்கே போன் போடணும், விடியட்டும்னு இருக்கக் கூடாது. காய்ச்சல் 100.4 தொட்டாலும் அப்படித்தான். சுகர் உள்ளவங்க சுகரை ஏறவிடக் கூடாது. கெண்டைக்கால் ஒண்ணு மட்டும் வீங்கி வலிச்சாலோ மூச்சு வாங்குனாலோ 108தான், ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாது. மஞ்சளெல்லாம் தையல் மேல போடவே கூடாது, பேட்டைத் தாயி, உங்க சித்திட்ட சொல்லிருங்க.

இன்னொண்ணு, பாலிசி வச்சிருக்கவங்களுக்கு. காஸ்மெட்டிக்னு சொல்லி கிளெய்மைத் தள்ளுவாவ. 2019ல ஐஆர்டிஏஐ, அதான் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்குத அமைப்பு, எல்லா கம்பெனிக்கும் பொதுவாக் கொடுத்த விலக்குப் பட்டியல்ல (பணம் கொடுக்காத செலவுகள்) Excl08ங்குத கோட் நம்பரை எடுத்துப் படிங்க, விபத்து, தீக்காயம், கேன்சர் இதுக்குப் பொறவு செய்யுத சீரமைப்பு அந்த விலக்குல வராதுன்னு தெளிவா இருக்கு. டாக்டர்ட்ட டிஸ்சார்ஜ் சம்மரில கேன்சருக்குப் பிந்தைய ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்னு எழுதி வாங்குங்க. என்னைக் கேட்டா உடம்புக்குள்ள இம்ப்ளான்ட் மாதிரி வெளிப்பொருளே வைக்கக் கூடாது, சொந்தச் சதைன்னா ஒரு தொந்தரவும் கெடையாது.

வள்ளியூர் டீச்சர்:
அண்ணாச்சி, மத்தது எல்லாம் சரி, கடைசி வரியை மட்டும் ஒத்துக்க மாட்டேன். மேலப்பாளையத்துப் பிள்ளை முதுகுக் கதை சொன்ன பொறவும் இப்படி எழுதுதியளே. எனக்கு அடிவயித்துலேர்ந்து எடுத்த டீப் (DIEP) ஃப்ளாப், சொந்தச் சதைதான். மொத ராத்திரியே ரத்தக்குழாய் அடைச்சு, மணிக்கொரு தடவை ரத்த ஓட்டத்தைப் பாக்குத டாப்ளர் கருவி வச்சுப் பாத்த நர்ஸ் புண்ணியத்துல மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோயி காப்பாத்துனாவ. ஊருக்கு வந்து பாத்தா இடுப்புக்கு இடுப்பு போட்ட வயித்துத் தையல் நடுவுல விரிஞ்சுருச்சு. இங்க உள்ள ஒரு ஆஸ்பத்திரில சேந்தேன், பொம்பளைங்க வார்டு. காலைல டியூட்டி மாறி வந்த சின்னப் பிள்ளை ஒருத்தி போர்வைய வெலக்கி வயித்துக் கட்டைப் பாத்துட்டு நல்லாச் சிரிச்ச முகமா "பாப்பா எங்கக்கா, ஆணா பொண்ணா?"ன்னா. எனக்குக் கல்யாணமே ஆகல. பக்கத்து பெட் அம்மா ஆளு கெட்டிக்காரி, நான் வாயைத் தொறக்க முன்னால "அவளுக்கு வேற ஆப்பரேஷன், நீ கட்டை மாத்து"ன்னு முடிச்சு வச்சாவ. அந்தப் பிள்ளை மேல கோவமே இல்ல, கேஸ் ஷீட்டை ஒரு தடவை படிச்சுட்டு வந்திருக்கலாம்.

எதுல எது வரும்னு ஆளுக்கு ஆள் மாறும். இம்ப்ளான்ட் வச்சவங்களை நீங்க தப்பாத் தேர்ந்தெடுத்துட்டியன்னு சொல்லாதிய அண்ணாச்சி, ஏற்கெனவே நொந்துபோயித்தான் இங்க எழுதுதாவ.

ஆலங்குளத்துக்காரன்:
நான் இதுவரை யார்ட்டயும் சொன்னதில்ல. என் சம்சாரத்துக்கு தோள் வலின்னு எங்கம்மா உப்பு வறுத்துத் துணில முடிஞ்சு ஒத்தடம் கொடுத்தாவ, எங்க குடும்பத்துல காலங்காலமா செய்யுததுதான். தோள்லேர்ந்து அப்படியே கீழ எறங்கி புது மார்பு மேலயும் வச்சிருக்காவ. அவளுக்கு அங்க உணர்ச்சி கெடையாதுன்னு எங்கம்மாவுக்குத் தெரியாது, எங்களுக்கும் யாரும் சொல்லல. ரெண்டு பேரும் டிவி சீரியல் பேசிச் சிரிச்சுட்டு இருந்தாவ. துணிய எடுத்தா அந்த எடம் மட்டும் வெள்ளையாக் கெடக்கு, ஒரு ஓரம் தோலு கழண்டு வருது. அவ "என்னத்தே, ஏன் முழிக்கிய?"ங்கா, அவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியல.

அட்மிட் பண்ணி தொடைல தோல் எடுத்து ஒட்டுனாவ. அவ தேறிட்டா. எங்கம்மாதான் அன்னைலேர்ந்து அவளுக்குத் தலை பின்னக் கூட கிட்டப் போவ மாட்டேங்காவ, அவளே சீப்பைக் கொண்டுபோயி மடில உக்காந்தாலும் கை நடுங்குது. டிஸ்சார்ஜ் பேப்பர்ல ஒரே ஒரு வரி, ஒத்தடம், சுடுதண்ணிப் பை வைக்காதீங்கன்னு தமிழ்ல எழுதியிருந்தாப் போதும். மருந்துச் சீட்டு அத்தனை பக்கம் கொடுத்தாவளே.

மேலப்பாளையம் தங்கச்சி:
அண்ணே, அம்மாட்ட இதை ஆஸ்பத்திரில உள்ளவங்க வாயாலயே சொல்ல வைங்க, அடுத்த செக்கப்புக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க சொன்னா ஆறுதலுக்குச் சொல்லுதான்னுதான் நெனைப்பாங்க. லாத்தாவுக்கும் முதுகுல பாதி எடம் மரத்துத்தான் கெடக்கு, எங்களுக்கும் யாரும் சொல்லல, இப்பதான் தெரியுது.

பேட்டைக்காரி:
அண்ணாச்சி, அந்த 08 சமாச்சாரத்துக்கு ரொம்ப நன்றி, என் கிளெய்ம்லயும் காஸ்மெட்டிக்னுதான் எழுதி திருப்பியிருக்காவ, எங்க வீட்டுக்காரவ இப்பவே பாலிசியத் தேடிட்டு இருக்காவ. வள்ளியூர் டீச்சர், நீங்க எழுதுனதைச் சித்திக்கு வாசிச்சுக் காட்டுனேன், பாப்பா எங்கன்னு கேட்ட எடத்துல அழுதுட்டாவ. மஞ்சளைப் பத்தி இனி பேச மாட்டாவ.

எனக்கு இது வேணும். அந்த டாக்டர்ட்ட அன்னைக்குச் சொல்ல முடியல, இங்க சொல்லுதேன், எனக்கு வேணும், வயசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. புண்ணு நல்லா ஆறி சில மாசம் போவட்டும், மறுபடி பாக்கலாம்னு மதுரைல சொல்லியிருக்காவ. ஆனா நடுவுல ரேடியேஷன் இருக்கு. ரேடியேஷன் பட்ட தோல்ல எக்ஸ்பேண்டர் கஷ்டம், முதுகு இல்லன்னா வயித்துச் சதைதான் யோசிக்கணும்ங்காவ. ரேடியேஷன் முடிஞ்சு ரெண்டாந்தடவை பண்ணுனவங்க யாராவது இருந்தா எவ்வளவு மாசம் கழிச்சுப் பண்ணுனியன்னு மட்டும் சொல்லுங்க.