போர்ட் செக்யூரிட்டி போட்டதும் ஐபி ஃபோன் உள்ள போர்ட்கள் எர்-டிசேபிள் (ஸ்விட்ச் தானே போர்ட்டை அணைப்பது) ஆகின்றன

கேள்வி:
சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 ஸ்விட்ச்கள். மேசைக்கு ஒரு ஐபி ஃபோன், அதன் வழியாகவே பிசி. யாரோ வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து சொருகியதில் பலருக்கு 192.168.0 என்று தொடங்கும் ஐபி வந்து நெட் போய்விட்டது. அதனால் எல்லா ஆக்சஸ் போர்ட்டிலும் (பயனர் கருவிகள் சேரும் போர்ட்) போர்ட் செக்யூரிட்டி போட்டேன், அதாவது ஒரு போர்ட்டில் எத்தனை மேக் (கருவியின் வன்பொருள் முகவரி) வரலாம் என்ற வரம்பு: மேக்ஸிமம் 1, ஸ்டிக்கி (கற்ற மேக்கை அமைப்பில் எழுதிக்கொள்வது). இப்போது ஃபோன் போர்ட்கள் வரிசையாக விழுகின்றன. ஷட், நோ ஷட் (போர்ட்டை அணைத்துப் போடும் கட்டளைகள்) கொடுத்தாலும் கொஞ்ச நேரந்தான். மேக்ஸிமம் எவ்வளவு வைக்கலாம்?

பதில் 1:
3 வையுங்கள் சார். பிசிக்கு ஒன்று, ஃபோனுக்கு இரண்டு. ஃபோனின் மேக் முதலில் டேட்டா விலானிலும் (விலான் என்றால் ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) அப்புறம் வாய்ஸ் விலானிலும் தெரியலாம். வயலேஷனை (வரம்பு மீறினால் என்ன செய்வது என்ற அமைப்பு) ரெஸ்ட்ரிக்ட் ஆக்கினால் புது மேக்கிலிருந்து வருவது மட்டும் டிராப் ஆகும், லாக்கும் வரும், ஃபோன் வேலை செய்யும். ப்ரொடெக்ட் வேண்டாம், அது லாக்கே போடாது. போர்ட்டையே அணைக்கும் ஷட்டவுன்தான் வேண்டுமென்றால் எர்-டிசேபிள் ரெகவரியில் பிசெக்யூர்-வயலேஷனை (போர்ட் செக்யூரிட்டி மீறல்) சேருங்கள். டீஃபால்ட்டாக 300 விநாடியில் போர்ட் தானாக எழும். ஸ்டிக்கி மேக்குகள் ரன்னிங் கான்ஃபிக்கில்தான் (இப்போது ஓடும் தற்காலிக அமைப்பு) இருக்கும், சேவ் செய்யாமல் ரீபூட் ஆனால் போச்சு.

பதில் 2:
இதெல்லாம் சரி, ஆனால் உங்கள் பிரச்சினை வேறு. போர்ட் செக்யூரிட்டி மேக்கை எண்ணும், அவ்வளவுதான். பிசி இருந்த இடத்தில் ரவுட்டரைச் சொருகி ரெஸ்ட்ரிக்ட்டிலோ ஷட்டவுனிலோ மாட்டினால் அதிர்ஷ்டம். ஆளில்லாத போர்ட்டில் சொருகினால் அதன் மேக்கையே ஸ்டிக்கியாகக் கற்றுக்கொண்டு ஐபி வழங்க விட்டுவிடும். போலி டிஹெச்சிபியை (தானாக ஐபி வழங்கும் சேவை) நிறுத்த, நம்பாத போர்ட்டிலிருந்து வரும் டிஹெச்சிபி சர்வர் பதில்களைத் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் வேண்டும். குளோபலாகவும் விலானுக்கும் ஆன் செய்து, அசல் சர்வர் இருக்கும் பக்கத்து அப்லிங்க்கை (மற்ற ஸ்விட்ச் அல்லது ரவுட்டருக்குப் போகும் போர்ட்) மட்டும் ட்ரஸ்ட் ஆக்குங்கள். பயன்படுத்தாத போர்ட்களை ஷட் செய்துவிடுங்கள்.

கேட்டவர்:
ஒரு விலானில் ஆன் செய்தேன். யாருக்குமே ஐபி வரவில்லை! அப்லிங்க் ட்ரஸ்ட்டில்தான் இருக்கிறது.

பதில் 2:
டிஹெச்சிபி கொடுப்பது சிஸ்கோ ரவுட்டரா? ஸ்விட்ச் கோரிக்கையில் ஆப்ஷன் 82 என்ற குறிப்பைச் (எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்பது) செருகி அனுப்புகிறது, அதை ரவுட்டர் ஏற்காமல் தள்ளிவிடும். 'நோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன்' கொடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
ஆமாம், ரவுட்டர்தான். கொடுத்ததும் வந்துவிட்டது, நன்றி. யாராவது வீட்டு வைஃபை ரவுட்டரின் வான் போர்ட்டில் (இன்டர்நெட் பக்கத்துப் போர்ட்) நம் கேபிளைச் சொருகினால்?

பதில் 1:
நாட் (பின்னால் உள்ள கருவிகளை ஒரே ஐபிக்குள் மறைப்பது) இருப்பதால் ஒரே மேக்தான் தெரியும், ஸ்னூப்பிங்கும் சும்மா இருக்கும். பிசியின் மேக்கை க்ளோன் செய்தால் ஸ்டிக்கியும் ஏமாறும். அதற்கு 802.1எக்ஸ்தான் (உள்நுழைவைச் சரிபார்த்த பின்பே போர்ட்டைத் திறப்பது) வழி, அடையாளத்தைச் சரிபார்க்க ரேடியஸ் சர்வர் வேண்டும். 802.1எக்ஸ் செய்ய முடியாத பிரின்டர்களுக்கு மாப் (மேக்கை வைத்து மட்டும் அனுமதிப்பது) போடுவீர்கள், அதுவும் மேக்கை நம்புவதுதான், ஆகவே அவற்றைத் தனி விலானில் வைத்து ஏசிஎல் (எந்த டிராஃபிக் போகலாம் என்ற விதிப்பட்டியல்) போடுங்கள்.