திருகோணமலை லொக்கோ ஷெட் எதற்காக இருந்தது?

கேள்வி: உவர்மலைவாசி

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் திருகோணமலைப் புகையிரத நிலையத்தைப் பற்றிப் பேசும்போது, நிலையத்தைவிட ‘லொக்கோ ஷெட்’ என்ற பெயரையே அதிகம் உச்சரிப்பார்கள். ஊர் வரலாற்றுக் குறிப்பொன்றை எழுதி வருகிறேன். அதில் இந்த இயந்திரக் கொட்டகைக்கு ஒரு பகுதியை ஒதுக்க விரும்புகிறேன். 1927 இல் திறக்கப்பட்ட நமது பாதை, மட்டக்களப்புப் பாதையிலிருந்து கல்லோயாச் சந்தியில் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி இங்கே முடிகிறது. (அம்பாறைப் பக்கத்துக் கல்லோயாத் திட்டத்தோடு இந்தச் சந்தியைக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உள்ளனர்; இது அபரணைக்கும் இங்குராக்கொடைக்கும் இடையில் இருக்கிறது.) காடும் வயலுமாகக் கிடக்கும் இவ்வளவு சிறிய கிளைப் பாதையின் கடைசியில் ஒரு கொட்டகையும் அதற்கென ஆட்களும் ஏன் தேவைப்பட்டார்கள்? வந்த இயந்திரம் அப்படியே திரும்பிப் போயிருக்க முடியாதா? பிற்காலத்தில் அதன் முக்கியத்துவம் ஏன் குறைந்தது?

பதில்: ஓய்வுபெற்ற பொறியியலாளர்

ஐயா, நீராவி இயந்திரம் அப்படியே திரும்பிப் போகக்கூடியதன்று. பல மணி நேரம் எரிந்த நெருப்புப் பெட்டியின் அடியில் சாம்பலும், உருகி இறுகிய கரிக்கிட்டமும் படிந்து காற்றோட்டத்தை அடைத்துவிடும். இயந்திரத்தைச் சாம்பல் குழியின் மேல் நிறுத்தி அவற்றைக் கிளறி இறக்காவிட்டால் மறுபயணத்துக்குப் போதிய நீராவி எழாது. அதன் பின்னர், முன்புறப் புகைப்பெட்டியில் சேர்ந்த கரித்தூளை வாரியெடுக்க வேண்டும்; நிலக்கரியும் தண்ணீரும் ஏற்ற வேண்டும்; சில்லுகள் வழுக்காதிருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணலைக் காயவைத்து நிரப்ப வேண்டும்; அசையும் மூட்டு ஒவ்வொன்றுக்கும் கையால் எண்ணெய் விட வேண்டும். பின்னால் இணைந்த, கரியும் தண்ணீரும் சுமக்கும் கரிவண்டியை முன்னே தள்ளிக்கொண்டு ஓடினால் சாரதிக்குப் பாதை சரியாகத் தெரியாது என்பதால், நெடும்பயணத்துக்கு முன் இயந்திரத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பவும் வேண்டும். பாதையின் முடிவில் இருக்கும் நிலையத்தில் இவற்றையெல்லாம் வேறெங்கே செய்ய முடியும்?

இரவு வேலை இதனினும் கடினமானது. குளிர்ந்துபோன கொதிகலனை மீண்டும் சூடாக்கப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே, மாலையில் வந்து காலையில் புறப்பட வேண்டிய இயந்திரத்தின் நெருப்பை முற்றாக அணைக்காமல், ஒருவர் விழித்திருந்து அதைச் சிறு தணலாகக் காத்துக்கொண்டிருப்பார். தண்ணீர் மட்டத்தின் மீதும் அவருக்குக் கண் இருக்க வேண்டும். அது நெருப்புப் பெட்டியின் மேற்தகட்டுக்குக் கீழே இறங்கினால், தகடு பழுக்கக் காய்ந்து பிளந்து, கொதிகலன் வெடிக்கவும் கூடும்.

தண்ணீரின் தன்மையும் முக்கியமானது. உப்பும் சுண்ணமும் கலந்த தண்ணீர் குழாய்களின் மேல் ஓடுபோலப் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். கொதிக்கையில் நுரைத்து உருளைக்குள்ளும் புகும். கடலோர ஊரில் நல்ல தண்ணீரின் அருமையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குறித்த கால இடைவெளியில் கொதிகலனைத் திறந்து கழுவுவதும் கொட்டகை வேலையாகவே இருந்தது. பெரிய பழுதுகளை மட்டும் இரத்மலானைப் பட்டறை பார்த்துக்கொண்டது.

பதில்: சீனக்குடா

ஒரு விடயத்தைச் சேர்க்க விரும்புகிறேன். நமது பாதை திறக்கப்பட்ட காலத்தில் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்கள் நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறியிருந்தன. அவற்றுக்காகவே இரண்டாம் உலகப் போருக்கு முன்பு சீனக்குடாக் காட்டுக்குள் மாபெரும் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று அழிந்தது. 99 தாங்கிகள் இன்றும் நிற்கின்றன. அந்தத் தாங்கிகளின் அருகாகவே நமது கரிக்கோச்சி, கடல்கடந்து வந்த நிலக்கரியை எரித்துக்கொண்டு ஓடியது. இலங்கையில் நிலக்கரி விளைவதில்லை என்பதை நினைத்தால், கொட்டகையில் ஒரு கூடைக் கரி எவ்வளவு மதிப்புடையது என்பது விளங்கும். தாங்கிகளைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. பக்கத்தில் கரி அள்ளியவர்களைப் பற்றி ஒரு வரி எழுத ஆளில்லாமல் போனது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

பதில்: தம்பலகாமத்தான்

என் தந்தையார் 1950களில் அங்கே இயந்திரம் துடைக்கும் வேலையில் சேர்ந்தார். எண்ணெய் தோய்ந்த பஞ்சுத் திரியால் சில்லுகளையும் தண்டுகளையும் துடைப்பதுதான் முதல் வேலை. துடைக்கும் கை படும்போதுதான் தண்டில் விழுந்த கீறல் தெரியும் என்று அவர் சொல்வார். பின்னர் பயர்மன், அதாவது இயந்திர நெருப்புக்குக் கரி போடுபவர், ஆனார். விடியற்காலை வண்டிக்கு அவரை எழுப்ப, கொட்டகையிலிருந்து ஒருவர் அரிக்கன் லாம்புடன் வந்து படலையைத் தட்டுவார். கரி மணம் போகாத அவருடைய காக்கிச் சட்டையை அம்மா மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்ததே இல்லை.

பதில்: ஓய்வுபெற்ற பொறியியலாளர்

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 1954 முதல், பொதுநலவாய நாடுகளின் உதவித் திட்டமான கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய 1,425 குதிரைவலு கொண்ட டீசல் இயந்திரங்கள் வந்தன. ‘ஒன்டாரியோ’, ‘அல்பேர்ட்டா’ எனக் கனடிய மாகாணங்களின் பெயர்களை அவை தாங்கியிருந்தன. 1955 இல் புகையிரதப் பொது முகாமையாளரான பி. டி. இரம்பால இம்மாற்றத்தை உறுதியுடன் முன்னெடுத்தார். டீசல் இயந்திரத்துக்குச் சாம்பல் குழி வேண்டாம், இரவுத் தணல் வேண்டாம், கொதிகலன் கழுவல் வேண்டாம். ஒருமுறை நிரப்பிய எரிபொருளில் கொழும்பிலிருந்து வந்து திரும்பவும் அதனால் முடிந்தது. நான் மேலே எழுதிய வேலைகளில் பெரும்பாலானவை இவ்வாறே இல்லாமல் போயின. பாதை அதே பாதைதான். வண்டி இன்றும் வருகிறது. பழைய இயந்திரங்களை நேரில் பார்க்க விரும்பினால், 2014 இல் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட தேசிய புகையிரத அருங்காட்சியகத்துக்குச் சென்று வாருங்கள்.

உவர்மலைவாசி

மூவருக்கும் நன்றி. கட்டடத்தின் அளவையும் கூரையையும் விவரிக்கத்தான் எண்ணியிருந்தேன். இப்போது அந்தப் பகுதியை இரவுத் தணல் காத்தவரிடமிருந்து தொடங்கப் போகிறேன். தம்பலகாமத்து அண்ணா, தங்கள் தாயார் விரும்பினால், தந்தையார் பயன்படுத்திய கருவிகளின் பெயர்களையும் வேலை நேரங்களையும் அவர் நினைவிலிருந்து கேட்டு எழுதிக்கொள்ள வரலாமா?

தம்பலகாமத்தான்

தாராளமாக வாருங்கள், தம்பி. அம்மாவுக்குக் காது சற்று மந்தம். நினைவு தெளிவாக இருக்கிறது. கரி அள்ளிய சவள் ஒன்று இன்னும் எங்கள் கோடிப்புறத்தில் இருக்கிறது, அதையும் பார்க்கலாம்.