டர்போ போச்சு, வாரண்டி கிடையாதுன்னு டீலர் கைவிரிச்சுட்டாங்க. அவசரம்!

நள்ளிரவு_டிரைவ்:
எல்லாருக்கும் வணக்கம். ஓட்டிட்டு இருக்கும்போதே வண்டி இழுவை இல்லாம போச்சு. விசில் மாதிரி சத்தம், பின்னாடி நீலப்புகை. சர்வீஸ்ல விட்டதுக்கு, இன்ஜினுக்குக் காத்தை அழுத்தித் தள்ளற டர்போ போயிடுச்சுன்னாங்க. வாரண்டி இருக்கே, மாத்திக் குடுங்கன்னு கேட்டா, "வண்டியை மாடிஃபை பண்ணியிருக்கீங்க, வாரண்டி மொத்தமா கேன்சல்"னு சொல்றாங்க. இது நியாயமா? காசு கட்ட சம்மதமா இல்லையான்னு நாளைக்குள்ள சொல்லணுமாம், இல்லன்னா வண்டியை எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. சீக்கிரம் யாராவது சொல்லுங்க.

ஸ்பானர்செட்:
என்ன வண்டி? பெட்ரோலா டீசலா? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு? என்ன மாடிஃபிகேஷன்? கம்பெனி வாரண்டியா, காசு கட்டி நீட்டிச்சதா? இதெல்லாம் தெரியாம என்னத்த சொல்றது?

டீசல்புகை:
நீலப்புகைன்னா ஆயில்தான் நண்பா, வேற யோசிக்கவே வேணாம். டர்போவுக்குள்ள இருக்கற ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் சுத்து வரைக்கும் கூடப் போகும், அதைத் தாங்குறது மெல்லிசா ஒரு ஆயில் படலம் மட்டும்தான். ஆயில் எப்போ மாத்தினீங்க, என்ன கிரேடு?

சிவப்புஊசி:
காட்டன் ஏர் ஃபில்டர் போட்டிருந்தா பிரச்சனை அங்கதான். அதுல தடவுற எண்ணெய் போய் காத்து அளக்கற மாஃப் சென்சார் கம்பில ஒட்டும், ரீடிங் தப்பும், டர்போ தள்ளற காத்தோட அழுத்தம், அதான் பூஸ்ட், தாறுமாறா போகும். பத்து இழைல எழுதியாச்சு.

பழையகை:
மேல தேடல் பெட்டின்னு ஒன்னு வெச்சிருக்காங்க தம்பி, அழகுக்கு இல்ல. வாரண்டி புத்தகத்துல "விலக்குகள்"னு ஒரு பக்கம் இருக்கும். வண்டி வாங்கறப்போ யாரும் படிக்கிறதில்ல, டர்போ போன அன்னைக்குத்தான் கை அங்க போகும். படிச்சுட்டு வாங்க, பேசலாம்.

வளைவுப்பாதை:
மொத்த வாரண்டியையும் ரத்து பண்றது செல்லாது. 1975 மேக்னசன்–மாஸ் சட்டப்படி, வெளியில வாங்கின பார்ட் போட்டிருக்கீங்கங்கிற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பார்ட்டாலதான் கெட்டுச்சுன்னு காட்ட வேண்டியது அவங்க பொறுப்பு. அப்படியே எழுதி மெயில் போடுங்க.

பழையகை:
அது அமெரிக்கச் சட்டம். இவர் எந்த நாட்டுல இருக்கார்னே இன்னும் சொல்லல, அதுக்குள்ள வழக்கு போட்டாச்சு.

வளைவுப்பாதை:
சரி, சட்டம் அங்கதுதான். ஆனா கேக்கற கேள்வி எங்கயும் ஒன்னுதானே? எந்த மாற்றத்தால எந்தப் பாகம் எப்படிக் கெட்டுச்சு? அதைச் சொல்லாம "மொத்தமா கேன்சல்"னா என்ன அர்த்தம்? வைப்பர் மோட்டார் போனாலும் இதையேதான் சொல்வாங்களா?

நள்ளிரவு_டிரைவ்:
டீசல் எஸ்யூவி. காட்டன் ஏர் ஃபில்டர் போட்டிருக்கேன், சைலன்சர் பின்பாதி மாத்தியிருக்கேன், அவ்வளவுதான். ரீமேப், அதாவது பவர் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்தறது, எதுவும் பண்ணல. ஆனா இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர் ஈசியூல ஃப்ளாஷ் கவுன்ட் கூடியிருக்கு, நீங்க ட்யூன் பண்ணிட்டு மறைக்கிறீங்கன்னு சொல்றாங்க. அது என்னன்னே புரியல.

சிவப்புஊசி:
சொன்னேனா இல்லையா, காட்டன் ஃபில்டர்!

பழையகை:
"ரீமேப் பண்ணல"ன்னு சொல்றவங்க வண்டிலதான் கவுன்ட் தன்னால ஏறுது. நானும் பல வருஷமா பாக்கறேன்.

ஸ்பானர்செட்:
கொஞ்சம் பொறுங்க, கவுன்ட் விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். பல ஈசியூக்கள்ல மென்பொருள் எழுதப்படும்போதெல்லாம் ஒரு கணக்கு ஏறும். ட்யூன் பண்ணிட்டு பழைய ஃபைலைத் திரும்பப் போட்டாலும் அந்தக் கணக்கு இறங்காது. டீலர் அதைத்தான் பிடிச்சிருக்கார். ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகள்ல இன்னும் ஒரு படி மேல போய், ட்யூன் கண்டுபிடிச்சா டிடி1னு ஒரு குறியே போட்டு வெச்சிடுவாங்க. அதுக்கப்புறம் இன்ஜின் சம்பந்தப்பட்ட கிளெய்ம் நகர்றது கஷ்டம்.

ஆனா டீலரே சர்வீஸ்ல மென்பொருள் அப்டேட் போட்டாலும் அதே கணக்குதான் ஏறும். அதனால எண்ணிக்கையை மட்டும் காட்டினா போதாது. கம்பெனி சர்வர்ல பதிவான அப்டேட் எத்தனை, ஈசியூ காட்டுறது எத்தனைன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டச் சொல்லுங்க. கூடவே சிவிஎன் நம்பரையும் கேளுங்க. உள்ளே இருக்கற மென்பொருளைக் கணக்குப் போட்டு வர்ற சரிபார்ப்பு எண் அது. வண்டில மாட்டிப் பாக்கற சாதாரண ஓபிடி ஸ்கேனர்லயே பெரும்பாலும் தெரியும். கம்பெனி எண்ணோட பொருந்தலன்னா உள்ள இருக்கறது கம்பெனி மென்பொருள் இல்ல.

அப்புறம் ஒரு கேள்வி. வண்டி புதுசா வாங்கினீங்களா, கை மாறி வந்ததா?

பழையகை:
நல்லா ட்யூன் பண்றவன் சிவிஎன்னையும் பழையபடியே காட்ட வைப்பான். வெளியிலேர்ந்து மாட்டற ட்யூனிங் பாக்ஸ்னா இன்னும் சுலபம். டீசல் அழுத்தத்தை அளக்கற ரெயில் பிரஷர் சென்சார் சிக்னலைக் குறைச்சுக் காட்டி ஈசியூவை ஏமாத்தும், ஈசியூ டீசல் அழுத்தத்தைத் தானா ஏத்தும். கழட்டி வீட்ல வெச்சுட்டு வந்தா கவுன்ட்டும் இல்ல, சிவிஎன் மாற்றமும் இல்ல. ஸ்கேனர் நம்பரை மட்டும் நம்பற காலம் போயிடுச்சு ஸ்பானர்.

ஸ்பானர்செட்:
நான் சொல்ல வந்ததும் அதுதானே? நம்பரை வெச்சு ரெண்டு பக்கமும் நிரூபிக்க முடியாது. கெட்டுப்போன டர்போவைத்தான் பாக்கணும்.

டீசல்புகை:
நான் முதல்லேர்ந்தே ஆயில் ஆயில்னு கத்துறேன். இவர் ஓட்டி வந்ததும் டக்குனு ஆஃப் பண்ற ஆளா இருக்கும். நீண்ட தூரம் ஓட்டினா ரெண்டு நிமிஷம் ஐட்லிங்ல விட்டுட்டுத்தான் நிறுத்தணும். இல்லன்னா உள்ள நிக்கற ஆயில் சூட்டுல கருகி அடைச்சுடும்.

சிவப்புஊசி:
அதெல்லாம் அந்தக் காலம். இப்போ வர்ற பல டர்போல ஷாஃப்ட் இருக்கற நடுக்கூட்டுக்குள்ள கூலன்ட் ஓடுது. சில வண்டில இன்ஜின் நின்னப்புறமும் மின் பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும். ஐட்லிங்ல விட்டா டீசல்தான் வீண்.

டீசல்புகை:
"பல", "சில"ன்னு நீங்களே சொல்றீங்க. இவர் வண்டில எது இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? ஆயில் மட்டும் போற டர்போக்கள் இன்னும் ரோட்ல நிறைய ஓடுது.

சிவப்புஊசி:
டீசல்ல எக்ஸாஸ்ட் சூடு பெட்ரோலை விடக் கம்மி. வீட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ள மெதுவாத்தானே ஓட்டுறோம், அதுலயே ஆறிடும்.

டீசல்புகை:
மலை ஏறி முடிச்ச கையோட ஆஃப் பண்றவங்களுக்கு வீட்டு வாசல் எங்க வருது?

பழையகை:
இந்தச் சண்டைக்குத் தனி இழை இருக்கு. இன்னும் முடியல.

நள்ளிரவு_டிரைவ்:
செகண்ட் ஹேண்ட். வாங்கினதுக்கு அப்புறம் சர்வீஸ் எல்லாம் இதே டீலர்கிட்டதான். நாளைக்கு என்ன சொல்லட்டும் அண்ணா?

ஸ்பானர்செட்:
இதை முதல்ல சொல்லியிருந்தா பாதி இழை மிச்சமாயிருக்கும். சரி. முன்னாடி வெச்சிருந்தவர் ட்யூன் பண்ணியிருந்தாரா, டீலர் போட்ட அப்டேட்டான்னு கண்டுபிடிக்க, சர்வீஸ்ல செஞ்ச வேலையை எழுதிக் குடுக்கற ஜாப் கார்டு எல்லாத்தையும் தேடி எடுங்க. சில நேரம் "சாஃப்ட்வேர் அப்டேட்"னு ஒரு வரி மூலைல இருக்கும், நாம பாக்காமலே கையெழுத்து போட்டிருப்போம்.

நாளைக்குக் காசு கட்டச் சம்மதம்னு எதுலயும் கையெழுத்து போடாதீங்க. கிளெய்மை மறுக்கறதா இருந்தா எழுத்துல குடுங்கன்னு கேளுங்க. எந்த மாற்றம், எந்தப் பாகம், எப்படிக் கெடுத்ததுன்னு அதுல இருக்கணும். முக்கியமா பழைய டர்போவைத் தூக்கிப் போட விட்டுடாதீங்க. உங்க முன்னாடி கழட்டச் சொல்லி போட்டோ எடுங்க.

ஷாஃப்ட் நீலமா, கறுப்பா சுட்டிருந்தா ஆயில் போய்ச் சேரல. பேரிங்ல கோடு கோடா கீறல்னா ஆயில்ல அழுக்கு. காத்தைத் தள்ளற கம்ப்ரசர் வீலோட இறக்கை முனை நசுங்கியிருந்தா ஏதோ உள்ள புகுந்திருக்கு, அப்போ உங்க ஃபில்டர் மேல சந்தேகம் வர்றது நியாயம். கம்ப்ரசர் வீலோட முதுகுப் பக்கம் ஆரஞ்சுத்தோல் மாதிரி சொரசொரன்னு இருந்தா அளவுக்கு மீறி சுத்தியிருக்கு, ட்யூன் வாதம் அங்கதான் பலமாகும். சைலன்சர் பின்பாதியால டர்போ போச்சுன்னு சொன்னா விளக்கம் கேளுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்.

வளைவுப்பாதை:
இன்னொன்னு. வாரண்டி குடுக்கறது டீலர் இல்ல, கம்பெனி. டீலர் மறுத்தா அதோட முடிஞ்சு போகல, கம்பெனியோட தொழில்நுட்ப ஆள் வந்து பாக்கணும்னு எழுதிக் கேளுங்க. நீட்டிச்ச வாரண்டின்னா அது பெரும்பாலும் தனி ஒப்பந்தம், சில நேரம் இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்கறது. நிபந்தனையும் வேற, மேல்முறையீடும் வேற. இதுவரைக்கும் எது உங்களுதுன்னு நீங்க சொல்லவே இல்ல.

பழையகை:
சொல்ல மாட்டார். கேட்ட அஞ்சுல இன்னும் கிலோமீட்டரும் வாரண்டி வகையும் பாக்கி.

சிவப்புஊசி:
எதுக்கும் ஒரிஜினல் பேப்பர் ஃபில்டரை மாட்டிட்டு…

ஸ்பானர்செட்:
வேணாம். வண்டி அவங்ககிட்ட இருக்கு, போட்டோ எடுத்திருப்பாங்க. இப்போ எதையாவது மாத்தினா மறைக்கறார்னு ஆயிடும். ஃபில்டர் போட்டிருக்கேன்னு நேராவே சொல்லட்டும். அழுக்கடைச்ச பேப்பர் ஃபில்டர் கூடத்தான் டர்போவை அதிகமா சுத்த வைக்கும்.

மூன்று வாரம் கழித்து

நள்ளிரவு_டிரைவ்:
லேட் ரிப்ளைக்கு மன்னிக்கவும். கம்பெனிலேர்ந்து ஒருத்தர் வந்தார். கழட்டிப் பாத்தா ஷாஃப்ட் நீலமா சுட்டிருந்தது, இறக்கை எல்லாம் சுத்தமா இருந்தது. சாஃப்ட்வேர் அப்டேட் அவங்களே போட்டது ஜாப் கார்டுல இருக்கு. டர்போ ஃப்ரீ, லேபர் பாதி நான். சரின்னுட்டேன். எல்லாருக்கும் நன்றி.

டீசல்புகை:
ஆயில்!!!

பழையகை:
தப்பு அவங்க பக்கம்னா பாதி லேபர் எதுக்கு? அதையும் எழுத்துல கேட்டிருக்கணும்.

வளைவுப்பாதை:
மத்த பாகங்களுக்கு வாரண்டி தொடருதான்னு கேட்டீங்களா? "மொத்தமா கேன்சல்"னு சிஸ்டத்துல குறிச்சிருந்தா அதை எடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா அடுத்த தடவை வேற டீலர்கிட்ட போனாலும் அதே கதைதான்.

ஸ்பானர்செட்:
வண்டி இன்னும் அங்கேயே இருந்தா உடனே கேளுங்க. ஆயில் போய்ச் சேரலன்னா ஏன் சேரலன்னு யாராவது பாத்தாங்களா? டர்போவுக்கு ஆயில் கொண்டு போற ஃபீட் பைப் புதுசா போடணும், பழசைக் கழுவி மாட்டக் கூடாது. ஃபீட் பைப்பை டர்போவோட இணைக்கற ஃபிளேஞ்ச்ல சிலிக்கான் பேஸ்ட் தடவ விடாதீங்க, அந்த பேஸ்ட்ல ஒரு துண்டு உடைஞ்சு துளையை அடைச்சா இந்த டர்போவும் போகும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி டர்போல ஆயில் ஊத்தி நிரப்பச் சொல்லுங்க. டர்போ தள்ளற காத்தைக் குளிர வைக்கற இன்டர்கூலரையும் பைப்புகளையும் கழட்டி உள்ள தேங்கின ஆயிலை வடிக்கணும். டீசல் இன்ஜின் அந்த ஆயிலை இழுத்துட்டா சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணினாலும் நிக்காது, வேகம் ஏறிக்கிட்டே போகும். ஜாப் கார்டுல இது எல்லாம் வரிவரியா இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் வண்டியை எடுங்க.