உரக்கடை லேப்டாப்: எஸ்எஸ்டி போட்டு ஓட்டலாமா, புது மாடலுக்குக் காத்திருக்கலாமா?

நீடா உரக்கடை
வணக்கம். நீடாமங்கலம் பக்கத்துல உரக்கடை வச்சிருக்கேன். கடை லேப்டாப் 2017ல வாங்கினது. ஐ5 7200யூ, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. டேலி, ஜிஎஸ்டி போர்ட்டல், பேங்க், கொஞ்சம் எக்செல், அவ்வளவுதான் வேலை.

காலையில ஆன் பண்ணிட்டு டீ குடிச்சு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. டேலியில லெட்ஜர் திறந்தா வெள்ளையா நிக்குது. ஃபேன் சத்தம் ரோடு வரைக்கும் கேட்குது. டச்பேட் கிளிக்கும் கொஞ்ச நாளா இறுகிப் போச்சு, மவுஸ் இருக்கறதால அது பரவாயில்ல.

சம்பா நெல்லு கொள்முதல் நிலையத்துல போட்டு, அவங்கவங்க அக்கவுண்ட்ல பணம் ஏறினாத்தான் எனக்குக் கடன் பாக்கி வசூலாகும். இப்ப 50,000 வரை ஒதுக்கலாம். ஜூன் 12 மேட்டூர் திறந்தா குறுவைக்கு ஆளுங்க வர ஆரம்பிச்சுடுவாங்க, அப்புறம் இதைத் தொட நேரம் கிடையாது. அக்கா மகன், "இன்டெல்ல புதுசு வந்திருக்கு மாமா, நாலு மாசம் பொறுத்தா போன வருஷத்து மாடல் விலை இறங்கும்"ங்கறான். பொறுக்கலாமா?

வெண்ணாறு
காசைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க. மந்தமா இருக்கறப்ப கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல சிபியு, மெமரி, டிஸ்க் மூணும் எத்தனை சதவீதம் காட்டுது? டிஸ்க் 100லயே நின்னு, சிபியு 20, 30ல கிடந்தா உங்க பிராசஸர் மேல குத்தமே இல்ல. அப்படியே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற இலவச சாஃப்ட்வேர் போட்டு, ஹார்டு டிஸ்க் நீலமா மஞ்சளான்னு பாருங்க.

குடவாசல் சர்வீஸ்
அண்ணே, எல்லாத்தையும் விடுங்க. டச்பேட் இறுகிப் போச்சுன்னு போற போக்குல எழுதியிருக்கீங்களே, எனக்கு அதுதான் பயமா இருக்கு. மூடி வச்சு, சமமான மேசையில போட்டு, நாலு மூலையையும் ஒவ்வொண்ணா விரலால அழுத்துங்க. ஆடுதா? பக்கவாட்டுல அடி மூடிக்கும் மேல் பாகத்துக்கும் நடுவுல நகம் போற இடைவெளி இருக்கா? இருந்தா சார்ஜரைக் கழட்டி ஆஃப் பண்ணிடுங்க. பேட்டரி உப்பியிருக்கு.

நீடா உரக்கடை
ஆடுதுங்க. வலது பக்கம் ஒரு ஸ்க்ரூவே வெளிய தள்ளிக்கிட்டு நிக்குது. ஆஃப் பண்ணிட்டேன். அதுக்கு முன்னாடியே பார்த்ததுல டிஸ்க் 100, சிபியு 18, மெமரி 61. ஹார்டு டிஸ்க் மஞ்சள்.

குடவாசல் சர்வீஸ்
நல்லவேளை. இனி அதுல சார்ஜ் ஏத்தாதீங்க. வெயில் படற இடத்துல வைக்காதீங்க. யூடியூப் பார்த்து ஸ்க்ரூடிரைவரால நெம்பற வேலை வேண்டவே வேண்டாம், குத்துப்பட்டா தீப்பிடிக்கும். அள்ளிக்கிட்டு மன்னார்குடியோ கும்பகோணமோ, திறந்து வேலை பார்க்கிற கடைக்குப் போங்க. பேட்டரி கனெக்டரைக் கழட்டிட்டா இந்தக் காலத்து லேப்டாப் பெரும்பாலும் அடாப்டர்லயே ஓடும், ஆனா கரண்டு போன நொடியே அணைஞ்சிடும். கடையில யூபிஎஸ் இருந்தா பாதகமில்ல.

நம்ம பக்கம் இது சகஜம். ஷட்டர் பக்கத்து மேசை, நாள் பூரா சார்ஜர் சொருகினபடி, பேட்டரி எப்பவும் 100ல, சித்திரை வெயில் வேற. லித்தியம் பேட்டரிக்கு ஆகாத ரெண்டும், அதாவது முழு சார்ஜும் சூடும், ஒண்ணா சேர்ந்துடுது. புது லேப்டாப் பலதுல சார்ஜ் 80ல நிக்கிற மாதிரி செட்டிங் இருக்கும், இருந்தா முதல் நாளே போட்டுடுங்க.

திறக்கறப்ப ஃபேனையும் பார்க்கச் சொல்லுங்க. போன வாரம் களத்துமேட்டை ஒட்டின ஒரு கடையோட லேப்டாப் வந்துச்சு. சூட்டை வெளியேத்தற ஹீட்சிங்க் தகடுகளுக்கு முன்னாடி நெல்லுச் சுணையும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரு பட்டை, இடுக்கியால பிடிச்சு இழுத்தா முழுசா உரிஞ்சு வருது. காத்து போக வழியே இல்ல. சுத்தம் பண்ணி தெர்மல் பேஸ்ட் மாத்தினதும் சத்தம் அடங்கிடுச்சு.

வெண்ணாறு
மஞ்சள்னா பெரும்பாலும் டிஸ்க்ல கெட்ட செக்டார், அதாவது படிக்க முடியாத இடங்கள், விழ ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். நாளைக்கே போகலாம், ஒரு வருஷமும் ஓடலாம். கடைக்காரர்கிட்ட முதல் வேலையா டேலி டேட்டா ஃபோல்டரைப் பென்டிரைவ்ல எடுக்கச் சொல்லுங்க. டிஸ்க்கை அப்படியே புதுசுக்கு நகலெடுக்கற குளோன் வேலை அதுக்கப்புறம்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா, சுத்தற தட்டு இல்லாம சிப்லயே சேமிக்கிற எஸ்எஸ்டி போட்டா வித்தியாசம் கண்கூடாத் தெரியும். அந்த ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பி சுமாருக்குப் படிக்கும், அதே இடத்துல சொருகற சாட்டா வகை எஸ்எஸ்டி 500க்கு மேல. துண்டு துண்டா கிடக்கற சின்ன ஃபைல்கள்ல இன்னும் பல மடங்கு. டேலிக்கு வேண்டியது அதுதான். ராம் 61லதான் நிக்குது, அதைத் தொட வேண்டாம்.

தஞ்சை பொட்டி
எஸ்எஸ்டி எல்லாம் சரிங்க. ஆனா உங்க ஐ5 7200யூ பிராசஸர் 7ம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல 8ம் தலைமுறையிலருந்துதான் அதிகாரபூர்வ அனுமதி. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. மைக்ரோசாஃப்டோட பாதுகாப்பு நீட்டிப்புல பதிவு பண்ணினா 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே அதுக்கு லிங்க் இருக்கும், விண்டோஸ் 10ல கடைசியா வந்த 22எச்2 பதிப்பு இருக்கணும். மைக்ரோசாஃப்ட் கணக்குல செட்டிங்கை சேமிக்க ஒத்துக்கிட்டா காசில்ல.

ரூஃபஸ்ங்கற இலவச சாஃப்ட்வேர் வச்சு விண்டோஸ் 11ஐத் திணிச்சுக்கலாம்னு யாராவது வருவாங்க. வீட்டுல படம் பார்க்கிற மெஷின்னா செய்யுங்க. பேங்க் லாகின் இருக்கற கடை மெஷின்ல அப்டேட் வருமா வராதான்னு தெரியாத நிலைமை எதுக்கு? என் கணக்குப்படி பழசுக்குப் பைசா செலவழிக்காம இப்பவே புதுசு வாங்கிடணும்.

நீடா உரக்கடை
அப்ப மருமகன் சொல்ற மாதிரி விலை இறங்கறதுக்கு நிக்க வேண்டாமா?

தஞ்சை பொட்டி
சாதாரண வருஷம்னா தம்பி சொல்றது சரி. புதுசு வந்தா பழைய சரக்கைத் தள்ளிவிடுவாங்க. இந்த வருஷக் கதை வேற. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்பெல்லாம் போறதால 2025 கடைசியிலருந்து ராம் விலை ஏறிக்கிட்டே இருக்கு, எஸ்எஸ்டியும் கூடவே. க்ரூஷியல்ங்கற பேர்ல சில்லறைக்கு ராம் வித்த மைக்ரான், டிசம்பர்ல அந்த வியாபாரத்தையே நிறுத்தறோம்னு சொல்லிடுச்சு. லேப்டாப் உள்ள இருக்கறதும் அதே சிப்புதான். பழைய விலைக்கு வாங்கி அடுக்கின சரக்கு கடையில தீர்றதுக்குள்ள வாங்கறவங்களுக்குத்தான் லாபம்.

2026 ஜனவரியில இன்டெல் கொண்டுவந்த கோர் அல்ட்ரா சீரிஸ் 3 நல்ல சிப், மறுக்கல. டேலி போடற கடைக்கு அதுல என்ன இருக்கு? 50,000க்கு அது வரவும் வராது.

வெண்ணாறு
விலை விஷயத்துல ஒத்துக்கறேன். பழசுக்குப் பைசா வேண்டாம்ங்கறதுலதான் எனக்கு உடன்பாடில்ல. பேட்டரி, எஸ்எஸ்டி ரெண்டும் போட்டா புதுசு விலையில சின்னப் பங்கு. அந்த எஸ்எஸ்டியும் வீணாப் போகாது, பின்னாடி ஒரு யூஎஸ்பி உறையில போட்டு பேக்கப்புக்கு வச்சுக்கலாம்.

குடவாசல் சர்வீஸ்
நான் நடுவுல. கனெக்டரைக் கழட்டிட்டா புது பேட்டரி எதுக்குண்ணே? அக்டோபர் வரைக்கும் யூபிஎஸ்ல ஓட்டுங்க. பழைய மாடலுக்கு வர்ற டூப்ளிகேட் பேட்டரி பலது உருப்படி கிடையாது. வீட்டுல பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல கொடுத்த அரசு லேப்டாப் கிடக்குதா? இருந்தா சர்வீஸ்ல இருக்கற ரெண்டு நாளைக்கு டேலி அதுல ஓடும்.

நீடா உரக்கடை
இருக்கு, மூத்த பொண்ணோடது. சரி, புதுசு பார்க்கப் போனா எதைப் பார்க்கணும்? தஞ்சாவூர் கடையில ரைசன் 5 7520யூ ஒண்ணைக் காட்டி "7000 சீரிஸ், லேட்டஸ்ட்"னாங்க.

தஞ்சை பொட்டி
அந்த நம்பர்ல மூணாவது எண்ணைப் படிங்க. 7520ல 2 இருக்கு, அதாவது ஏஎம்டி கம்பெனியோட ஜென் 2ங்கற சிப் வடிவமைப்பு. 2019ல வந்த வடிவமைப்புக்கு 2022ல புதுச் சட்டை. ராமும் போர்டோட ஒட்டினது, பின்னாடி ஏத்த முடியாது. 7530யூன்னா ஜென் 3, அது தேவலாம். இன்டெல்லயும் இந்தக் கூத்து உண்டு. கோர் 5 120யூன்னு பேர் மட்டும் புதுசு, உள்ள 13ம் தலைமுறைச் சரக்கு. அது உங்க வேலைக்குத் தாராளம், விலை குறைச்சா எடுங்க, லேட்டஸ்ட்னு காசு கூடக் கொடுக்காதீங்க.

16 ஜிபி வேணும். 8 ஜிபிதான் பட்ஜெட்ல வருதுன்னா காலி ராம் ஸ்லாட் இருக்கான்னு பில் போடறதுக்கு முன்னாடி கேளுங்க. டாங்கிள், பிரிண்டர், மவுஸ் எல்லாம் சொருகணும், பெரிய யூஎஸ்பி துளை குறைஞ்சது மூணு இருக்கட்டும். ஏஐ பிசின்னு ஸ்டிக்கர் ஒட்டினதுக்குத் தனியா காசு வேண்டாம்.

நீடா உரக்கடை
மன்னார்குடியில கொடுத்துட்டு வந்தேன். பேட்டரியைக் கழட்டிக் காட்டினாங்க, தலகாணி மாதிரி இருந்துச்சு. அதை அவங்களே பழைய பேட்டரி எடுக்கறவங்ககிட்ட கொடுத்துடறாங்களாம். டேலி டேட்டா பத்திரமா வந்துடுச்சு. 500 ஜிபி எஸ்எஸ்டி போடச் சொல்லிட்டேன், பேட்டரி போடல. புதுசு வைகாசிக்குள்ள எடுக்கப்போறேன், குறுவைக்கு ரெண்டு மெஷினும் கடையில இருக்கட்டும். மருமகன்கிட்ட சொன்னேன், இன்னும் முனகிக்கிட்டுத்தான் இருக்கான்.

கடைசியா ஒண்ணு. டேலி லைசென்ஸ் புது மெஷினுக்குப் போறப்ப மறுபடி காசு கட்டணுமா?

வெண்ணாறு
வேண்டாம். பழைய மெஷின்ல டேலியைத் திறந்து, லைசென்ஸ் பகுதியில சரண்டர் கொடுத்துட்டு, புதுசுல அதே சீரியல் நம்பர், அதே இமெயிலை வச்சு ஆக்டிவேட் பண்ணுங்க. நெட் இருக்கணும். பழைய மெஷின் உயிரோட இருக்கறப்பவே செஞ்சுடுங்க. அந்த இமெயிலோட பாஸ்வேர்டு கையில இருக்கான்னு இன்னிக்கே பார்த்துடுங்க, பல கடையில அது எப்பவோ வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையோட இமெயிலா இருக்கும்.

நீடா உரக்கடை
அடடா. அவர் இப்ப திருப்பூர்ல இருக்கார். போன் போடறேன்.